கூடம் கோணல்தான், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

எதிரணித் தோழர் ஒரு பழமொழியை வீசிக் கைதட்டல் வாங்கிப் போனார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! மென்பொருளில் பிழை வந்தால் புரோகிராமரைக் கேள், அவர் எழுதும் கணினி மொழியைக் குறை சொல்லாதே என்கிறார். சரி, அந்தக் கூடத்தையே போய்ப் பார்த்துவிடுவோம்.

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே தெரிந்து உலகமே பதறியது. இணையத்தில் நம் ரகசியங்களைப் பூட்டி அனுப்பும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளிலேயே ஓட்டை! அது எப்படி என்று கேளுங்கள்.

ஒருவன் கடைக்காரரிடம் ஒரு ரூபாயைக் கொடுத்து வைக்கிறான். "அண்ணாச்சி, நான் கொடுத்த 64 ஆயிரத்தைத் திருப்பிக் கொடுங்க" என்கிறான். அண்ணாச்சி கல்லாவில் கையை விட்டு, அந்த ஒரு ரூபாயோடு பக்கத்தில் கிடந்த ஊரார் பணத்தையும் சேர்த்து 64 ஆயிரமாக எண்ணிக் கொடுக்கிறார். அவன் திரும்பவும் வருகிறான். திரும்பவும் ஒரு ரூபாய், திரும்பவும் 64 ஆயிரம்! எத்தனை தடவை வந்தாலும் கொடுக்கிறார். அந்த அண்ணாச்சிதான் ஓப்பன்எஸ்எஸ்எல், கல்லாதான் கம்ப்யூட்டரின் நினைவகம். கல்லாவில் இருந்தது என்ன தெரியுமா? உங்கள் பாஸ்வேர்டு, என் பாஸ்வேர்டு!

அந்த அண்ணாச்சி பேசியது சி என்ற கணினி மொழி. 1970களில் பிறந்தது. கேட்ட நீளம் உண்மையா என்று அது தானாகப் பார்க்காது. அதற்குப் பதில் ஜாவா, ரஸ்ட் போன்ற வேறு மொழி இருந்திருந்தால், எல்லை தாண்டுகிறாய் என்று கையைப் பிடித்து நிறுத்தியிருக்கும்.

எழுதியவர் கண்ணில் படவில்லை. சரிபார்த்தவர் கண்ணில் படவில்லை. 2012 மார்ச்சில் அந்த ஓட்டையோடு மென்பொருள் வெளியாகி இரண்டு வருஷம் எத்தனையோ நிறுவனங்கள் பயன்படுத்தின, அவர்கள் கண்ணிலும் படவில்லை. தோழரே, இத்தனை பேருக்குமா ஆடத் தெரியாது? வந்தவரெல்லாம் ஒரே இடத்தில் வழுக்கி விழுந்தால் தரையைத்தானே பார்க்க வேண்டும்?

ஓட்டை இருந்த அந்த வரிகள் மென்பொருளுக்குள் சேர்ந்த நாள் 2011 டிசம்பர் 31. ஊரெல்லாம் புத்தாண்டுக்குக் காத்திருந்த நாள். எல்லோருக்கும் இலவசமாகப் போகிற மென்பொருளுக்காக ஒருவர் உழைத்தார். அவரைப் பார்த்து, வேண்டுமென்றே செய்தாயா என்று உலகம் கேட்டது. இல்லை, கவனக்குறைவு என்று அவர் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

இந்த அவையில் எத்தனை அம்மாக்கள் இருக்கிறீர்கள்! ராத்திரி இரண்டு மணிக்குக் கண் விழித்தால், லேப்டாப் வெளிச்சத்தில் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் பிள்ளையின் முகம் தெரிகிறதல்லவா? அந்த முகத்தைப் பார்த்து, எல்லாம் உன் தப்பு என்று சொல்ல உங்களுக்கு மனசு வருமா?

நடுவர் அவர்களே, அந்த அம்மாக்களின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள்.