எட்டு முழ நண்டு

(கோபிசெட்டிபாளையத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

இந்த வாளியில் கிடப்பது தடப்பள்ளி வாய்க்கால் ஓரம் காலையில் பிடித்த வயல் நண்டு. சளிக்கு ரசம் வைப்போமே, அதேதான். நான் பேச வந்தது இதன் தூரத்துச் சொந்தத்தைப் பற்றி: ஜப்பானியச் சிலந்தி நண்டு.

யாராவது எட்டு முழ வேட்டியில் வந்திருக்கிறீர்களா? அவிழ்க்க வேண்டாம், மனதிலேயே விரித்துக்கொள்ளுங்கள். 12 அடி. பெரிய ஆண் நண்டு கொடுக்குகளை இரு பக்கமும் நீட்டினால் நுனிக்கு நுனி அவ்வளவு வரும், 3.7 மீட்டர் வரை. உடம்பு? ஓடு 40 செ.மீ.தான், ஒரு முழம்கூடத் தேறாது. மீதியெல்லாம் கைகால். எடை 19 கிலோ வரை போகும். 'நண்டு கொழுத்தால் வளையில் தங்காது' என்போம். இதற்கு எந்த வளை கட்டுபடியாகும்? பெரும்பாலும் 150 முதல் 300 மீட்டர் ஆழத்தில், கடலடித் தரையிலேயே நடந்து காலம் தள்ளுகிறது.

ஓடு பேரிக்காய் மாதிரி, முன்பக்கம் கூம்பி, மேலெல்லாம் முள்ளும் கரடுமாக இருக்கும். இந்த வம்சத்தில் பலவற்றுக்கு ஓட்டின் மேல் கொக்கி போல வளைந்த முடிகள் உண்டு. காட்டுக்குள் போய் வந்தால் வேட்டியில் நாயுருவி ஒட்டுமே, அப்படித்தான். ஆனால் நண்டு தானே பாசியையும் கடற்பஞ்சையும் பிய்த்து அதில் மாட்டிக்கொள்கிறது, எதிரி கண்ணில் படாமலிருக்க.

அப்புறம் அந்தக் கால்கள். ஒவ்வொரு மூட்டும் கதவுக் கீல் போல ஒரு வாக்கில்தான் மடங்கும். அடுத்த கீல் வேறு வாக்கில் இருப்பதால் காலை எப்பக்கமும் திருப்ப முடிகிறது. நமக்கு எலும்பு உள்ளே, இதற்கு வெளியே. வளர வேண்டுமானால் ஓட்டையே கழற்றியாக வேண்டும். பின்பக்கம் பிளந்து, பின்னாலேயே நகர்ந்து, அவ்வளவு நீளக் கால்களையும் உறையிலிருந்து உருவிக்கொண்டு வருகிறது. எனக்கு இறுக்கமான பேன்ட்டைக் கழற்றுவதே பாடு.

ஆண், பெண் பார்ப்பது எப்படி என்று நான் தொடங்கும் முன்பே முன்வரிசை அம்மா ஒருவர் சொல்லிவிட்டார்: "திருப்பிப் பாருங்க தம்பி, வயித்து மடிப்பு அகலமா இருந்தாப் பொட்டை." சரிதான். ஜப்பான் நண்டுக்கும் அதே கணக்கு. பெண்ணுக்குக் கொடுக்கும் குட்டை.

"கால் ஒடிஞ்சா என்னங்க ஆகும்?" என்றான் ஒரு பையன். எதிரி பிடித்தால் நண்டே காலை அடியோடு கழற்றிவிட்டு ஓடிவிடும் கண்ணு. அடுத்தடுத்து ஓடு கழற்றும்போது கால் திரும்ப முளைக்கும். இதோ, இந்த வாளி நண்டையே பார். இடப்பக்கக் கடைசிக் கால் மட்டும் குட்டையாக, வெளுத்துப்போய் இருக்கிறதே, அது புதுசு.