ஒளியை எவ்வளவு தூரம் அடக்கலாம்?

(வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

அருட்டப்பட்ட, அதாவது கூடுதல் சக்தி பெற்ற, அணு ஒளியை உமிழ்ந்து கீழ்நிலைக்கு இறங்கும் என்று படித்திருப்பீர்கள். எவ்வளவு விரைவில் இறங்கும் என்பது அணுவின் சொந்த விவகாரம் அல்ல, சுற்றியுள்ள வெளிக்கும் அதில் பங்குண்டு என்று 1946இல் எட்வர்ட் பர்செல் காட்டினார். உமிழும் ஒளி போய்ச் சேர அங்கே வழி இருக்க வேண்டும். வழி இல்லையென்றால் அணு காத்துக்கொண்டு நிற்கும். 1985இல் ஹூலெட், ஹில்ஃபர், கிளெப்னர் மூவரும் சீசியம் அணுக்களை இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே அனுப்பி, அருட்டிய நிலையின் ஆயுளைக் குறைந்தது 20 மடங்கு நீட்டினார்கள்.

அப்புறம் 1987இல் யப்லோனோவிச்சும் சஜீவ் ஜானும், தனித்தனியாக, ஒரே யோசனைக்கு வந்தார்கள்: அலைநீள அளவில் ஒழுங்காக அடுக்கிய படிகத்தால் குறித்த மீடிறன் (அதிர்வெண்) கொண்ட ஒளியை எல்லாத் திசையிலும் மறிக்கலாம். கொழும்பில் நகைக்கடைகள் உள்ள செட்டியார் தெருவில் ஓப்பல் கல் பார்த்திருந்தால், அதுவும் அப்படி அடுக்கிய சிலிக்காக் கோளங்கள்தான். ஆனால் சிலிக்காவின் முறிவுச் சுட்டி, அதாவது ஒளியை அது எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு, ஏறத்தாழ 1.45; நிறம் காட்ட அது போதும், முழுத் தடைக்குப் போதாது. சிலிக்கனுக்கு அது 3.5 அளவில் இருக்கிறது. 2011இல் நெதர்லாந்தில் சிலிக்கன் படிகத்துக்குள் வைத்த குவாண்டம் புள்ளிகளின் (ஒளி உமிழும் நுண்துகள்களின்) உமிழ்வு ஏறத்தாழ 10 மடங்கு குறைந்தது.

சரி, பூச்சியமாக்க முடியாதா? கணக்கில் முடியும், படிகம் முடிவில்லாமல் நீண்டால். கையில் இருப்பதோ ஓரங்கள் உள்ள துண்டு. வெளியிலுள்ள வெற்றிடத்தில் ஒளிக்கு இருக்கும் வழிகள் அந்த ஓரங்கள் ஊடாக உள்ளே கசிகின்றன. நடுவில் இருக்கும் அணுவுக்கு அடுக்குகள் கூடக் கூடக் கசிவு வேகமாகக் குறையும். மேற்பரப்புக்கு அருகில் இருப்பதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. செய்யும்போது வரும் ஒழுங்கீனமும் சேர்ந்துகொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்த எல்லை வேறு. 1996இல் பார்னெட்டும் லௌடனும் நிறுவியது: உமிழ்வு வீதத்தில் ஏற்படும் சார்பு மாற்றத்தை எல்லா மீடிறன்களுக்கும் கூட்டினால் விடை பூச்சியம். கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகும் காலி வீதியை மூடினால் வாகனங்கள் பக்கத்திலுள்ள மரைன் டிரைவில் நெரியும், அதுபோலத்தான். ஒரு மீடிறனில் அடக்கினால் இன்னொன்றில் கூடியே தீரும். இது தொழில்நுட்பக் குறையல்ல. விளைவு காரணத்துக்கு முந்தி வராது என்ற விதியிலிருந்து வருவது. சிலிக்கனைவிட நல்ல பொருள் கிடைத்தாலும் தப்ப முடியாது.

ஆனால் லேசர் செய்பவருக்கு எல்லா நிறத்தையும் அடக்கும் தேவை இல்லை. சக்தியை வீணாக்கும் உமிழ்வு இருக்கும் அந்த ஒரு குறுகிய மீடிறன் பட்டையை அடக்கினால் போதும். கூடுவது அவருக்கு வேண்டாத மீடிறனில் கூடட்டும்.