பிஎச்பி புத்தகம் வாங்குவதற்கு முன் இந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்!

வணக்கம் மக்களே. இன்றைக்கு மாடித்தோட்ட வீடியோ போடுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இப்போது எனக்கு வேறொரு கோபம் இருக்கிறது. இதோ கையில் இருக்கும் இந்தப் புத்தகம்தான் காரணம். பெயரை விரலால் மறைத்துக்கொள்கிறேன், அட்டையில் இருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள். பிஎச்பி 6. ஆறு!

பிஎச்பி என்பது இணையதளம் செய்யப் பயன்படும் கணினி மொழி. அதில் ஆறு என்று ஒரு வெர்ஷன் வெளிவரவே இல்லை. 2004இல் ஐந்து வந்தது, நம்ம தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த அதே வருடம். அப்புறம் ஆறுக்கான வேலையைத் தொடங்கினார்கள், அது இழுத்துக்கொண்டே போய் 2010இல் கைவிட்டார்கள். 5.3, 5.4 என்றே ஓட்டி, 2015 டிசம்பரில் நேராக ஏழுக்குப் போய்விட்டார்கள். ஆனால் ஆறு எப்படியும் வந்துவிடும் என்று நம்பிச் சிலர் முன்கூட்டியே புத்தகம் எழுதினார்கள், அச்சடித்தும் விட்டார்கள். அதில் ஒன்றுதான் இத்தனை வருடம் கழித்து என் சித்தி மகன் கையில் வந்து சேர்ந்திருக்கிறது.

தம்பியை உங்களுக்குத் தெரியும். ஒகேனக்கல் வீடியோவில் பரிசலில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தானே, அவன்தான். இப்போது பிசிஏ இரண்டாம் வருடம். பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறி வந்து, கடையில் கேட்டிருக்கிறான். "இதுதான் தம்பி எல்லாரும் வாங்குறது" என்று எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். விலை 595 ரூபாய்.

இந்த விலையைப் பற்றி நான் பேசியே ஆக வேண்டும். பின்னட்டையில் வெள்ளை ஸ்டிக்கர், அதில் 595. ஸ்டிக்கரின் ஓரம் கொஞ்சம் தூக்கியிருந்தது. எனக்கு அதைப் பார்த்ததும் கை நிற்கவில்லை. நகத்தால் சுரண்டினால் அட்டையும் சேர்ந்து கிழியும், அதனால் பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஓரத்தில் வைத்து ஊறவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மெதுவாக உரிந்து வந்தது. அடியில் அச்சடித்த விலை 375. இருநூற்று இருபது ரூபாய் கூடுதல்! சித்தப்பா ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி போடுகிறவர். விலை விழுந்தால் கிரேடு, அதாவது தக்காளிப் பெட்டி, இறக்குகிற கூலிக்கே பற்றாது என்று புலம்புகிற மனிதர். அந்தக் காசில் வாங்கிய புத்தகம் இது.

நேராக அவனையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன். பில் வைத்திருந்தான், புத்திசாலிப் பையன். ஸ்டிக்கரையும் அச்சு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன். முதலில் "பழைய ஸ்டாக் அக்கா, மாற்ற முடியாது" என்றார்கள். அச்சு விலைக்கு மேல் விற்றதைச் சத்தமாகப் படித்துக் காட்டியதும் கவுன்டரில் அமைதி. முழுப் பணமும் திரும்பி வந்தது மக்களே, புத்தகத்தையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இது இன்னும் என் கையில் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய புத்தகமாக இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். உள்ளே பாருங்கள், டேட்டாபேஸ் பாடம், அதாவது தளத்தின் தகவல்களைச் சேமித்து வைக்கிற இடம் பற்றிய பாடம். அதோடு இணைக்க மைஎஸ்க்யூஎல் கனெக்ட் என்று பழைய ஃபங்ஷனை, அதாவது மொழியோடு தயாராக வரும் கட்டளையை, சொல்லிக் கொடுக்கிறது. அந்த வரிசை ஃபங்ஷன்கள் எல்லாவற்றையும் பிஎச்பி 7இல் நீக்கிவிட்டார்கள். தம்பி லேப்டாப்பில் பிஎச்பியை ஓட்டும் எக்ஸாம்ப் (XAMPP) மென்பொருளில் இருப்பது பிஎச்பி 8. எழுத்துக்கு எழுத்து சரியாகத் தட்டச்சு செய்தாலும் அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்றுதான் எர்ரர் வரும். அந்தப் பையன் தனக்கு கோடிங் வராது என்று நினைத்துக்கொண்டு ராத்திரி எல்லாம் விழித்திருக்கிறான். எனக்கு இதுதான் தாங்கவில்லை.

ஓடாத கோடாவது பரவாயில்லை. ஓடி ஆபத்தைக் கொண்டுவருவது அடுத்த பாடத்தில் இருக்கிறது. பயனர் தட்டியதை அப்படியே எடுத்து எஸ்க்யூஎல் வரிக்குள், அதாவது டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் கட்டளைக்குள், ஒட்டுகிறார்கள். பெயர்க் கட்டத்தில் யாராவது ஒற்றை மேற்கோள்குறி போட்டால் போதும், பெயர் அங்கேயே முடிந்துவிட்டதாக டேட்டாபேஸ் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அவர் எழுதுவதெல்லாம் கட்டளையாக ஓடும். இப்போதைய முறையில் வரியின் வடிவத்தை முதலில் அனுப்பி, மதிப்பைத் தனியாக அனுப்புவோம். பிரிப்பேர் என்று சொல்வது அதைத்தான்.

ஆகவே கடையில் நின்றபடியே செய்யுங்கள். பின்பக்கம் சொல்லடைவை, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியலை, திறந்து பிடிஓ (டேட்டாபேஸோடு பேச இப்போதைய வழி) இருக்கிறதா, பிரிப்பேர் இருக்கிறதா, பாஸ்வேர்டு ஹேஷ் (கடவுச்சொல்லைத் திருப்பிப் படிக்க முடியாதபடி மாற்றுவது) இருக்கிறதா என்று தேடுங்கள். பாஸ்வேர்டு ஹேஷ் ஃபங்ஷன் 2013இல் 5.5உடன் வந்தது. எம்டி5 என்ற பழைய, பலவீனமான முறையைப் போட்டுக் கடவுச்சொல்லைச் சேமி என்று சொல்லும் புத்தகத்தை அப்படியே அலமாரியில் வைத்துவிடுங்கள். சொல்லடைவே இல்லாத புத்தகத்தை நான் தொடமாட்டேன், அது என் பிடிவாதம்.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். உரிமைப் பக்கம்! தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் சின்ன எழுத்தில் இருக்குமே, அது. இந்தப் புத்தகத்தில் 2019 என்று இருக்கிறது, அதைக் காட்டித்தான் புதுசு என்று விற்றிருக்கிறார்கள். ஆனால் அது மறுஅச்சு வருடம். முதல் பதிப்பு 2008. மறுஅச்சு என்றால் அதே பக்கங்களை மறுபடி அச்சடித்தது, ஒரு வரி மாறியிருக்காது. நீங்கள் பார்க்க வேண்டியது பதிப்பு வருடம். பிஎச்பி 8 வந்தது 2020 நவம்பரில், அதற்குப் பிந்தைய பதிப்பு என்றால் நிம்மதி.

இன்னொரு சோதனை, இது தமிழில் தளம் செய்யப்போகிறவர்களுக்கு. நீளத்தை எண்ணும் ஸ்டர்லென் என்ற ஃபங்ஷனுக்குத் 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்தால் 15 என்று வரும். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் ஐந்து குறியீடுகள், அதைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். எம்பி ஸ்டர்லென் போட்டால் 5 வரும், கிராஃபீம் ஸ்டர்லென் போட்டால்தான் நாம் எண்ணுகிற 3. இதை விளக்கும் புத்தகம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கைவிட்ட அந்தப் பிஎச்பி 6இல் அவர்கள் சரிசெய்ய நினைத்ததே இந்த யூனிகோடு விஷயத்தைத்தான்.

தலையணை மாதிரி தடிமனான புத்தகங்கள் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பாதிப் பக்கம் ஃபங்ஷன் பட்டியல்தான். அந்தப் பட்டியல் பிஎச்பியின் சொந்தத் தளத்தில் இலவசமாக இருக்கிறது, அதுவும் அவ்வப்போது திருத்தப்பட்டு. மெலிதாக இருந்தாலும், முதல் பாடத்தில் தொடங்கிய ஒரே தளத்தைக் கடைசிப் பாடம்வரை வளர்த்துக்கொண்டு போகிற புத்தகம்தான் எனக்கு வேண்டும். ஆங்கிலம் சிரமம் என்றால் கணியம் தளத்துக்குப் போங்கள். எளிய தமிழில் எழுதிய கணினி நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அங்கேயும் எழுதிய வருடத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பிரவுசரில் ஓடும் மொழியான ஜாவாஸ்கிரிப்டுக்குப் புத்தகம் கேட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் பாடத்தில் மதிப்புக்குப் பெயர் வைக்கும் லெட், கான்ஸ்ட் இருக்க வேண்டும், அவை 2015இல் வந்தவை. முழுக்க அதற்கான பழைய சொல்லான வார் மட்டும், பாதிக்குப் பாதி பக்கத்தில் நேராக எழுதும் பழைய டாக்குமென்ட் ரைட் என்றால் வைத்துவிடுங்கள்.

தம்பிக்கு இப்போது வேறு புத்தகம் வாங்கியாகிவிட்டது, அச்சு விலையிலேயே. ராயக்கோட்டை மண்டியின் தினசரி தக்காளி விலையைப் பதிவுசெய்கிற பக்கம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறான். தேதி, தரம், ஒரு கிரேடு விலை, அவ்வளவுதான் இப்போதைக்கு. உங்கள் வீட்டில் பிஎச்பி புத்தகம் இருந்தால் பதிப்பு வருடத்தையும், சொல்லடைவில் பிடிஓ இருக்கிறதா என்பதையும் கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் போடுகிறேன். ஸ்டிக்கர் இருந்தால் உரித்துப் பார்த்துவிட்டு அதையும் சொல்லுங்கள்.