தம்பியின் கொடுப்புப் பல்லும் ஒட்டாவாவின் காசும்

(ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு சமூகக் கூடத்தில் சனிக்கிழமை மாலை பேசியது. வீட்டுக்கு வந்து எழுதும்போது, பேச மறந்த ஒன்றிரண்டையும் சேர்த்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். பல்லைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் ஆட்கள் வரமாட்டார்கள் என்று சொன்னார்கள். பின்வரிசை வரைக்கும் நிரம்பியிருக்கிறது. வடை வாசமும் ஒரு காரணமாக இருக்கலாம், பரவாயில்லை. ஒட்டாவாவில் இருக்கிற மத்திய அரசாங்கம் கொண்டுவந்த பல் பராமரிப்புத் திட்டத்தைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

என் தம்பியிலிருந்து தொடங்குகிறேன். அவன் கதைப்பதில்லை. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். இப்போது முப்பது தாண்டிவிட்டது. சில வருடங்களுக்கு முன் ஒரு மாரி காலத்தில் அவன் முறுக்குச் சாப்பிடுவதை நிறுத்தினான். முறுக்கென்றால் டப்பாவையே தூக்கிக்கொண்டு போகிறவன். அப்புறம் சமையலறையில் ஃபிரிட்ஜ் கதவில் இடது கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டு நிற்கத் தொடங்கினான், பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். அவனுக்குக் குளிர் பிடிக்கிறது போல என்று நாங்கள் சிரித்தோம். சிரித்ததை இன்றைக்கு நினைத்தாலும் தாங்கமுடியவில்லை. ஒரு மாதம் கழித்து தன் கன்னத்தில் தானே அடிக்கத் தொடங்கினான். அவன் பகலில் போய்வந்த இடத்தில் அதை 'நடத்தைப் பிரச்சினை' என்று எழுதி அனுப்பினார்கள், மருந்தைக் கூட்டினார்கள். அம்மா மட்டும்தான், "இவனுக்குப் பல்லுக்கொதி" என்று சொல்லி ஒரு கராம்பை இடித்துப் பஞ்சில் வைத்துக்கொண்டு அவன் பின்னால் திரிந்தா. வாயைத் திறந்தால்தானே வைக்கலாம்!

ஒரு இரவு முகம் வீங்கிவிட்டது. எமேர்ஜன்சிக்குக் கொண்டுபோனோம். விடியும்வரை காத்திருந்து, கையில் கிடைத்தது அன்ரிபயோற்றிக் சீட்டு ஒன்றும், 'பல் வைத்தியரைப் பாருங்கள்' என்ற தாள் ஒன்றும். அந்த இரவின் முழுச் செலவையும் ஒஹிப், அதாவது ஒன்ராறியோ மாகாணத்தின் மருத்துவக் காப்புறுதி, கட்டியது. ஒரு சதம் எங்களிடம் கேட்கவில்லை. காலையில் பல் வைத்தியரிடம் போனபோது முதல் கேள்வியே "இன்சூரன்ஸ் இருக்கிறதா" என்பதுதான். ஒரே பல், ஒரே சீழ். வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தால் அரசாங்கத்தின் செலவு, பல் வைத்தியரின் கதிரையில் இருந்தால் உங்கள் செலவு.

இது ஏன் இப்படி? கனடாவின் மருத்துவக் காப்புறுதி, நாங்கள் ஊர் ஆட்களுக்கு ரெலிபோனில் பெருமையடிக்கிறோமே அதுதான், 1966இல் சட்டமானது. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1964இல், நீதிபதி எம்மெட் ஹோல் தலைமையிலான அரச ஆணைக்குழு பல்லையும் மறக்கவில்லை. குழந்தைகள், கர்ப்பிணிகள், உதவிப்பணத்தில் வாழ்கிறவர்கள் என்று தொடங்கலாம் என்று எழுதிவைத்தது. எழுதியதோடு சரி. 1984இல் வந்த கனடா சுகாதாரச் சட்டத்திலும் பல் எங்கே இருக்கிறது தெரியுமா? வைத்தியசாலைக்குள் வைத்துத்தான் செய்யவேண்டும் என்கிற பல் அறுவைச் சிகிச்சை, அவ்வளவுதான். மற்றபடி உதட்டுக்கு உள்ளே இருப்பது உடம்பில்லை என்பதுபோல ஒரு ஏற்பாடு. அறுபது வருடம் இதோடு வாழ்ந்து பழகிவிட்டோம்.

நல்ல வேலையில் இருக்கிறவர்களுக்குக் கம்பனி காப்புறுதி கொடுத்தது. தொழிற்சாலையில் ஏஜென்சி மூலம் நிற்கிறவர்களுக்கு, ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிறவர்களுக்கு, ஊபர் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்றுமில்லை. 2018இல் எடுத்த அரசாங்கக் கணக்கெடுப்பின்படி கனேடியர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல், செலவுக்குப் பயந்து பல் வைத்தியரிடம் போகாமல் இருந்திருக்கிறார்கள். போகாதவர்கள் எங்கே போனார்கள்? என் தம்பி போன இடத்துக்குத்தான். 2015இல் ஒன்ராறியோவில் மட்டும் பல், வாய் பிரச்சினைக்காக எமேர்ஜன்சிக்கு ஏறக்குறைய 61,000 வரவுகள். அங்கே பல் வைத்தியர் இல்லை. பிடுங்கமாட்டார்கள், அடைக்கமாட்டார்கள். நோவுக்கு மாத்திரை, வீக்கத்துக்கு மாத்திரை. மாத்திரை முடிய மறுபடி வருவார்கள். "என் வரிக் காசில் ஏன் இன்னொருவரின் பல்லைக் கட்டவேண்டும்" என்று போன தடவை ஒரு அண்ணை எழும்பிக் கேட்டார். அண்ணை, ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பல்லுக்கு ஒன்றுமே செய்யாத இடத்தில் கட்டுகிறீர்கள், அதுதான் வித்தியாசம்.

மாற்றுத்திறனாளிகளுக்கு இது இன்னும் மோசம். மனநோய்க்கும் வலிப்புக்கும் கொடுக்கிற மருந்துகள் பலவற்றால் வாய் உலரும். எச்சில்தான் பல்லுக்குக் காவல், அது குறைந்தால் சூத்தை வேகமாக வரும். வலிப்புக்குக் கொடுக்கிற ஃபெனிட்டோயின் சிலருக்கு முரசை, அதாவது பல் ஈறை, வீங்கவைத்துப் பல்லின் மேல் வளரப்பண்ணும். கை நடுங்குகிறவருக்குத் தூரிகை பிடிக்கமுடியாது, வேறொருவர் தீட்டிவிட்டால் கடித்துவிடுகிறவர்களும் உண்டு. இதில் காசும் இல்லையென்றால்? ஓடிஎஸ்பி, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான ஒன்ராறியோவின் உதவிப்பணம், எடுக்கிறவர்களுக்கு மாகாணம் அடிப்படைப் பல் வைத்தியம் கொடுக்கிறது, உண்மைதான். ஆனால் அது கொடுக்கிற கட்டணம் குறைவு என்று புது ஆட்களை எடுக்காத கிளினிக்குகள் நிறைய. தம்பிக்காக நானே நாலு இடத்துக்கு ரெலிபோன் அடித்து "இப்போது எடுப்பதில்லை" என்ற பதிலை வாங்கியிருக்கிறேன்.

சரி, இப்போது என்ன மாறியிருக்கிறது என்பதற்கு வருவோம். 2022 மார்ச்சில் பெரும்பான்மை இல்லாத லிபரல் அரசாங்கத்துக்கு எதிர்க்கட்சி வரிசையில் இருந்த என்டிபி கட்சி ஆதரவு கொடுக்க ஒத்துக்கொண்டபோது கேட்ட விலைகளில் ஒன்று பல் வைத்தியம். 1966இலும் அன்றைய பிரதமர் பியர்சனின் சிறுபான்மை அரசாங்கம் என்டிபி முட்டுக்கொடுக்கத்தான் நின்றது. இந்த நாட்டில் மருத்துவத்தில் பெரிதாக எது நடந்தாலும் யாரோ ஒருவர் நாற்காலி ஆடும்போதுதான் நடக்கிறது, என் அபிப்பிராயம். முதலில் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வருடம் 650 டொலர் வரை கையில் கொடுத்தார்கள். அப்புறம் கனேடிய பல் பராமரிப்புத் திட்டம். 2024 மே மாதம் முதியவர்களுக்கு, ஜூன் கடைசியில் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளி வரிச்சலுகைச் சான்றிதழ் வைத்திருந்த பெரியவர்களுக்கும், 2025 ஜூனிலிருந்து மற்ற எல்லாப் பெரியவர்களுக்கும்.

'சான்றிதழ் வைத்திருந்த' என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்தச் சான்றிதழுக்கு ரி2201 என்று ஒரு நீளமான படிவம், அதை வைத்தியர் நிரப்பவேண்டும், அதற்கே காசு வாங்குகிற வைத்தியர்கள் உண்டு. ஓடிஎஸ்பி எடுக்கிறவர் என்றாலே அது தானாக வந்துவிடாது. மாகாண அரசாங்கம் இயலாதவர் என்று ஏற்றுக்கொண்ட ஆளை மத்திய அரசாங்கம் "அப்படியா, நிரூபி" என்று கேட்டது. அப்படி எத்தனையோ பேர் ஒரு வருடம் வாசலில் நின்றார்கள். இப்போது வருமானம்தான் கணக்கு என்பதால் உள்ளே போக அந்தச் சான்றிதழ் தேவையில்லை.

பென்சில் இருக்கிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள், இல்லாதவர்கள் பக்கத்தில் இருக்கிறவரைப் பார்த்து எழுதுங்கள். குடும்பத்தின் சரிசெய்யப்பட்ட நிகர வருமானம், அதாவது கழிவுகள் போக வரிக் கணக்கில் வருகிற வருமானம், 90,000 டொலருக்குக் கீழே இருக்கவேண்டும். 70,000க்குக் கீழே என்றால் திட்டத்தின் கட்டணத்தில் உங்கள் பங்கு இல்லை. 70,000 முதல் 80,000 வரை 40 வீதம் உங்கள் தலையில், அதற்கு மேல் 60 வீதம். இங்கே எங்கள் ஆட்கள் நிறையப் பேர் பிழை விடுகிறார்கள். 'குடும்பம்' என்றால் அந்த ஆளும் அவருடைய கணவனோ மனைவியோ. உங்களோடு வீட்டில் இருக்கிற முப்பது வயது மகனுக்கு உங்கள் சம்பளத்தைக் கூட்டமாட்டார்கள். "நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்கிறோம், அவனுக்குக் கிடையாது" என்று விண்ணப்பிக்காமலே விட்ட ஒரு அம்மாவை இந்தக் கூடத்திலேயே பார்த்திருக்கிறேன்.

ஆனால் மற்றப் பக்கமும் உண்டு. உங்கள் வேலைக் காப்புறுதியில் அந்த மகனையும் சேர்க்கலாம் என்றால் அவனுக்கு இந்தத் திட்டம் கிடையாது. அந்தக் காப்புறுதி நல்லதா கெட்டதா, நீங்கள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தீர்களா என்றெல்லாம் பார்க்கமாட்டார்கள், எடுக்க வாய்ப்பு இருந்தாலே போதும். வேலையிடம் வருடாவருடம் கொடுக்கிற ரி4 சம்பளத் தாளில் 45ஆம் பெட்டியைப் பாருங்கள், 1 என்று இருந்தால் வேலையிடத்தில் பல் காப்புறுதி இல்லை என்று அர்த்தம். அப்புறம் வரி. வருமானமே இல்லை, எதற்கு வரி அறிக்கை என்று விடாதீர்கள். அறிக்கை போகாவிட்டால் திட்டத்தின் கண்ணுக்கு நீங்கள் இல்லை. ஓடிஎஸ்பி இருந்தாலும் இதற்கு விண்ணப்பிக்கலாம், ஒன்று மற்றதைத் தடுக்காது. திட்டத்தின் வருடம் ஜூலை 1இல் தொடங்கி அடுத்த ஜூன் 30இல் முடிகிறது, வருடாவருடம் புதுப்பிக்கவேண்டும்.

கதிரையில் ஏறுவதற்கு முன் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: "திட்டம் கொடுப்பதற்கு மேல் நான் எவ்வளவு கட்டவேண்டும்?" திட்டத்தின் கட்டணம் ஒன்ராறியோப் பல் வைத்தியர் சங்கத்தின் கட்டண அட்டவணையைவிடக் குறைவு. மிச்சத்தை உங்களிடம் வாங்க அவர்களுக்கு அனுமதி உண்டு. 'இலவசம்' என்று அரசியல்வாதிகள் மேடையில் சொன்ன ஒரு சொல்லால், கவுண்டரில் இருக்கிற பிள்ளைகளோடு எங்கள் வயதான ஆட்கள் சண்டை பிடிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் பாவம்.

எனக்கு இந்தத் திட்டத்தில் உள்ள பெரிய குறை காசு இல்லை. நேரம். தம்பியைப் போன்ற ஒருவருக்கு ஒரு பல் அடைக்க முதலில் அவர் அந்த அறைக்குள் வரவேண்டும். வெளிச்சத்துக்குப் பயம், சத்தத்துக்குப் பயம், ரப்பர் கையுறையின் வாசத்துக்குப் பயம். மூன்று தடவை சும்மா வந்து போனால் நாலாவது தடவை வாயைத் திறப்பார். திட்டமோ செய்த வேலைக்குக் காசு கொடுக்கிறது, காத்திருந்ததற்குக் கொடுப்பதில்லை. ஆகவே பல கிளினிக்குகள் சுருக்கமான வழியைச் சொல்கின்றன, முழு மயக்கம் கொடுத்துச் செய்யவேண்டும் என்று. அதற்குத் திட்டத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும். பல்லுக்கு மேல் மாட்டுகிற கிரீடம், பகுதிப் பல்செட் போன்றவற்றுக்கு முன் அனுமதி கேட்டால் எக்ஸ்றே அனுப்பச் சொல்வார்கள். மயக்கம் இல்லாமல் எக்ஸ்றே எடுக்கவிடாத ஆளுக்கு என்ன செய்வது என்பதை இதை எழுதியவர்கள் யோசித்தார்களோ தெரியாது. முழு மயக்கம் கொடுத்து இப்படிப்பட்டவர்களைப் பார்க்கிற வைத்தியசாலை இடங்களும் கொஞ்சம்தான், காத்திருப்பு மாதக்கணக்கில். தம்பிக்கு எட்டு மாதம். அதற்குள் ஒரு பல்லாக இருந்தது ஐந்தாகி, ஐந்தையும் ஒரே நாளில் பிடுங்கினார்கள்.

கிடைத்ததைக் குறை சொல்லாதே என்பீர்கள். சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் இது கனடா சுகாதாரச் சட்டத்துக்குள் இன்னும் போகவில்லை. சட்டத்துக்கு வெளியே நிற்பதற்கு என்ன நடக்கும் என்று பார்த்திருக்கிறோம். 1974இல் சஸ்காச்சுவான் மாகாணம் பள்ளிக்கூடங்களுக்குள்ளேயே பல் தாதிகளை வைத்துப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்தது. விவசாயக் கிராமங்களில் பல் வைத்தியரையே கண்டிராத பிள்ளைகள். நல்லாக நடந்த திட்டம், 1982இல் அரசாங்கம் மாறியது, 1987இல் அந்தப் பல் தாதிகளை வீட்டுக்கு அனுப்பி மூடிவிட்டார்கள். அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிகெய்ட் திட்டத்தில் பிள்ளைகளின் பல் கட்டாயம், பெரியவர்களின் பல் மாநிலத்தின் விருப்பம். 2009இல் கலிபோர்னியாவுக்குக் காசு முட்டுப்பட்டபோது முதலில் வெட்டியவற்றில் பெரியவர்களின் பல்லும் ஒன்று, முழுதாகத் திரும்பி வர 2018 ஆனது. ஒன்பது வருடம் வாயில் ஒரு சூத்தைப் பல் காத்திருக்குமா?

எனவே உங்கள் எம்பியைக் கோயில் திருவிழாவிலோ பொங்கல் விழாவிலோ கண்டால், அவர் வேட்டி கட்டிக்கொண்டு வணக்கம் சொல்வதைப் படம் எடுத்து முடித்த பிறகு, இதைக் கேளுங்கள். இயலாதவர்களைப் பார்க்க எடுக்கும் கூடுதல் நேரத்துக்குத் திட்டம் எப்போது காசு கொடுக்கும்? முழு மயக்கச் சிகிச்சைக்கு இந்தப் பக்கம் இன்னும் எத்தனை இடம் வரும்? தமிழிலேயே கேளுங்கள், பக்கத்தில் நிற்கிறவர் மொழிபெயர்ப்பார்.

கடைசியாக ஒன்று, தெரியாதவர்களுக்கு. தனியாகத் தொழில் செய்கிற பல் சுகாதாரப் பணியாளர்கள், ஹைஜீனிஸ்ற் என்போமே, அவர்களும் திட்டத்துக்கு நேரடியாக பில் அனுப்பலாம், வீட்டுக்கு வந்து பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். தம்பிக்கு இப்போது அப்படி ஒரு அக்கா வருகிறா. முதல் நாள் அவ பையைத் திறக்கவே இல்லை, சோபாவில் அவனுக்குப் பக்கத்தில் இருந்து அம்மாவின் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டா. அந்த நாளுக்கு யாருக்கு பில் அனுப்புவீர்கள் என்று கேட்டேன், சிரித்தா. மூன்றாம் தடவை கண்ணாடியை அவன் கையிலேயே கொடுத்து, பத்து எண்ணும்வரை வாயைத் திறக்கச் சொன்னா. ஏழில் மூடிவிட்டான். அடுத்த வியாழக்கிழமை மறுபடி வருகிறா.

பின்னால் மேசை போட்டிருக்கிறோம். வரி மதிப்பீட்டுத் தாளும் ரி4உம் கையில் இருக்கிறவர்கள் வரிசைக்கு வாருங்கள், இருந்தே விண்ணப்பத்தை நிரப்பிவிடலாம். வடை முடியப்போகிறது என்று இப்போதுதான் சொன்னார்கள்.