7000 ஆர்பிஎம்மில் கியர் ஏன் முரண்டு பிடிக்கிறது?

(கோவையில் கார் பட்டறைக்காரர்களும் டிராக்கில் ஓட்டும் இளைஞர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கமுங்க.

பந்தய ஓட்டுநர் கரிவரதன் மாருதி உறுப்புகளைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்த ஊர் இது. ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் இந்த ஊர்க்காரர். செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடம் இருக்கிறது. பம்ப்செட், ஃபவுண்டரி, லேத் என்று இரும்போடு புழங்கிய கைகள் இந்த அரங்கிலேயே நிறைய இருக்கின்றன. அதனால் அடிப்படையிலேயே நேரம் போக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

3000, 4000 ஆர்பிஎம்மில், அதாவது என்ஜின் நிமிடத்துக்கு அத்தனை சுற்று சுற்றும்போது, சொன்ன பேச்சு கேட்கிற கியர், 7000-த்தில் கர்ரென்று கத்துகிறது. இல்லாவிட்டால் பாதி வழியில் நின்றுகொண்டு உள்ளே போக மாட்டேன் என்கிறது. உடனே "பாக்ஸ் போச்சுங்க, இறக்கிடலாம்" என்று சொல்லிவிடுகிறோம். இது எனக்கு உடன்பாடில்லை. அதிக சுழற்சியில் கியர் விழாததற்கான காரணம் பெரும்பாலும் கியர் பெட்டிக்கு வெளியேதான் இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது கிளட்ச். பெட்டியைத் திறப்பது கடைசி வேலை.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கிளட்ச்சை மிதித்ததும் என்ஜின் தனியே போய்விடும். ஆனால் கிளட்ச் பிளேட்டும், பெட்டிக்குள் போகிற இன்புட் ஷாஃப்ட்டும், அதோடு இணைந்த கியர்களும் பழைய வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அவுட்புட் பக்கம் சக்கரத்தோடு கட்டப்பட்டிருக்கிறது, அதன் வேகம் மாறாது. இந்த இரண்டு பக்கத்தையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவதுதான் சிங்க்ரோ ரிங்கின் வேலை. கியரின் கூம்பு வடிவப் பரப்பில், அதாவது கோனில், உரசித்தான் அது இதைச் செய்கிறது. ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவன் கூடவே நாலு எட்டு ஓடித்தான் கம்பியைப் பிடிக்கிறான், அந்த நாலு எட்டு ஓட்டம்தான் சிங்க்ரோ.

ஒரு பெட்டியில் இரண்டாம் கியர் விகிதம் 1.90, மூன்றாவது 1.25 என்று வைத்துக்கொள்வோம். 5000 ஆர்பிஎம்மில் மாற்றினால் இன்புட் ஷாஃப்ட் சுமார் 3290-க்கு இறங்க வேண்டும், வித்தியாசம் 1710. 7500-ல் மாற்றினால் 4930-க்கு இறங்க வேண்டும், வித்தியாசம் 2570. வித்தியாசம் ஒன்றரை மடங்கு. கை கொடுக்கும் அழுத்தம் அதே என்றால் நேரமும் ஒன்றரை மடங்கு ஆகும். கோனில் எழும் வெப்பம் வித்தியாசத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது இரண்டேகால் மடங்கு. டிராக்கில் நாம் செய்வது என்ன? சிங்க்ரோவுக்குக் கூடுதல் நேரம் தேவைப்படும் இடத்தில்தான் கையை இன்னும் வேகமாக இழுக்கிறோம்.

இப்போது கிளட்ச் முழுதாக விடவில்லை என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் சிறிய ரிங் இழுத்து நிறுத்த வேண்டியது பிளேட்டை மட்டுமல்ல, என்ஜினோடு சுற்றும் கனமான ஃப்ளைவீலையும் கிராங்க் ஷாஃப்ட்டையும் சேர்த்து. அது முடிகிற காரியமே இல்லை. மெதுவாக ஓட்டும்போது கிளட்ச்சின் இந்தக் குறை வெளியே தெரியாது. மேலே போனால்தான் கத்தும்.

சோதனை எளிது. என்ஜின் ஐடிலில், நியூட்ரலில், கிளட்ச்சை முழுதாக மிதித்து ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பல பெட்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. பொறுத்துப் போட்டும் உரசினால் கிளட்ச் இழுக்கிறது என்று அர்த்தம். அடுத்தது அளவு. ஹைட்ராலிக் கிளட்ச், அதாவது பெடலின் அழுத்தத்தைத் திரவம் கடத்தும் வகை என்றால் ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் கிளட்ச் முனையில் உள்ள ஸ்லேவ் சிலிண்டர் ராடு எத்தனை மி.மீ. நகர்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டும். இதைக் காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது ஒருமுறை, டிராக்கில் ஓட்டி சூடாக வந்து நின்றதும் என்ஜினை அணைத்துவிட்டு ஒருமுறை செய்ய வேண்டும். குளிரில் 15 மி.மீ. நகர்ந்தது சூட்டில் 12 ஆகிவிட்டது என்றால், தொலைந்த 3 மி.மீ. பெட்டிக்குள் இல்லை, கிளட்ச் பிளூயிட் லைனில் இருக்கிறது. காற்றுக் குமிழாக இருக்கலாம், ரப்பர் ஹோஸ் உப்புவதாக இருக்கலாம், பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டர் சீல் தேய்ந்திருக்கலாம்.

இந்த பிளூயிட், அதாவது லைனில் உள்ள திரவம், ஈரத்தைக் குடிக்கும் சரக்கு. டாட் 4 தர பிளூயிட் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். எக்ஸாஸ்ட் பக்கத்தில் ஸ்லேவ் சிலிண்டர் இருக்கிற வண்டியில், ஈரோடு, கரூர் வெயிலில் இது சும்மா இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், டிராக் வண்டி என்றால் சீசனுக்கு முன்பே. பிளீட் செய்யும்போது, அதாவது லைனில் உள்ள காற்றை வெளியேற்றும்போது, பெடலை மெதுவாக மிதித்து, நிப்பிளைத் திறந்து, பெடல் மேலே வருவதற்கு முன்பு மூட வேண்டும். வேகமாகப் பம்ப் அடித்தால் குமிழ் பொடியாகி உள்ளேயே சுற்றும். வருகிற பிளூயிட் கறுப்பாக இருந்தால் சீல் ரப்பர் கரைகிறது, பிளீட் செய்து பயனில்லை, கிட் மாற்ற வேண்டும்.

பழைய மாருதி போலக் கேபிள் கிளட்ச் என்றால், பெடல் ஃப்ரீ பிளேயை (கிளட்ச் அசையத் தொடங்கும் முன் பெடல் சும்மா போகும் தூரம்) புத்தகத்தில் சொன்ன அளவுக்கு வையுங்கள். அதற்குக் கீழே இறுக்கினால் ரிலீஸ் பேரிங் எப்போதும் உரசும். கேபிளின் உள்கம்பி பிரிந்திருந்தால் அட்ஜஸ்ட் செய்து மாளாது.

கிளட்ச்சை இறக்கியிருக்கும்போது மூன்று இடங்களைக் கவனியுங்கள். பிளேட் இன்புட் ஷாஃப்ட்டின் ஸ்ப்லைன் எனும் நீள வரிப்பற்களில் கையால் தள்ளினாலே வழுக்க வேண்டும். துரு இருந்தால் துடைத்து, சூடு தாங்கும் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். அள்ளிப் பூசினால் அது சுழற்சியில் தெறித்து லைனிங்கில் போய் உட்கார்ந்து கிளட்ச் வழுக்கும். அடுத்து, பிளேட் நெளிந்திருக்கிறதா என்று சுற்றவிட்டுப் பாருங்கள். மூன்றாவது, இன்புட் ஷாஃப்ட்டின் நுனியைக் கிராங்கில் தாங்கும் பைலட் பேரிங் உள்ள வண்டிகளில் அது இறுகியிருந்தால் கிளட்ச் விட்ட பிறகும் கிராங்க் இன்புட் ஷாஃப்ட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். இந்தச் சின்ன பேரிங் மொத்தப் பெட்டியின் பெயரையும் கெடுக்கும்.

ஃப்ளைவீல் பற்றி நம் ஊரில் ஒரு தவறான நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. எடையைக் குறைத்தால் கியர் எளிதாக விழும் என்கிறார்கள். இல்லைங்க. கிளட்ச் முழுதாக விட்டிருந்தால் சிங்க்ரோவுக்கும் ஃப்ளைவீலுக்கும் தொடர்பே கிடையாது. எடை குறைந்தால் என்ஜின் சுழற்சி சீக்கிரம் இறங்கும், கியர் விழுந்த பிறகு கிளட்ச்சை விடும்போது குலுக்கல் குறையும். அந்தப் பயன் உண்மை. ஆனால் அது வேறு பயன்.

சிங்க்ரோவின் சுமையைக் குறைக்க வேண்டுமானால் கிளட்ச் பிளேட்டைப் பாருங்கள். அதே பொருள், அதே தடிமன் என்றால் பிளேட்டின் சுழல் நிலைமம் ஆரத்தின் நான்காம் படியில் ஏறும். 215 மி.மீ. பிளேட்டுக்குப் பதில் 184 மி.மீ. போட்டால் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். விட்டம் குறைந்தால் முறுக்குவிசை தாங்கும் திறனும் குறையும் என்பதால் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் வலுவாக வேண்டும், பெடல் கனக்கும், ஊருக்குள் ஓட்டக் கால் வலிக்கும். டிராக் வண்டிக்குச் சரி. காந்திபுரம் சிக்னலில் நிற்கிற வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன்.

இந்த இடத்தில் லேத் நண்பர்களிடம் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். வார்ப்பிரும்பு ஃப்ளைவீலைக் கடைந்து, துளை போட்டு எடை குறைத்துக் கொடுக்காதீர்கள். அதிக சுழற்சியில் வார்ப்பிரும்பு வெடித்தால் பெல் ஹவுசிங்கைக் கிழித்துக்கொண்டு ஓட்டுநரின் கால் பக்கம்தான் வரும். எடை குறைந்தது வேண்டுமென்றால் ஃபோர்ஜ் செய்த எஃகில் செய்ததை வாங்கி, பிரஷர் பிளேட்டோடு சேர்த்து டைனமிக் பேலன்ஸ் செய்து, இரண்டும் சேரும் இடத்தில் அடையாளம் போட்டு மாட்டுங்கள்.

அடுத்து ஆயில். "கெட்டியாப் போட்டா சத்தம் வராது" என்று 90 நம்பர் ஊற்றுவது பழைய பழக்கம். சிங்க்ரோ கோன் பிடிக்க வேண்டுமென்றால் நடுவில் உள்ள ஆயில் படலம் கிழிய வேண்டும். கெட்டி ஆயிலில் அது தாமதமாகும். இன்னொன்று ஜிஎல்-5 எனும் கியர் ஆயில் தரம். அது டிஃபரன்ஷியலின் ஹைப்பாய்டு பல்லுக்காகச் செய்தது. அதிலுள்ள அழுத்தம் தாங்கும் சேர்மானம் கோனை வழுக்கச் செய்யும், சில வகைகள் பித்தளை ரிங்கையும் அரிக்கும். புத்தகத்தில் 75டபிள்யூ-90 ஜிஎல்-4 (குளிரில் வெறும் 90 நம்பரை விட மெல்லியது) என்றிருந்தால் அதையே போடுங்கள். ஹோண்டா போன்றவை தனக்கென்று மெல்லிய எம்டிஎஃப் (மேனுவல் கியர் பெட்டிக்கான திரவம்) கேட்கும். அந்தப் பெட்டிக்குக் கெட்டி ஆயில் ஊற்றிவிட்டு சிங்க்ரோவைத் திட்டக் கூடாது.

மாற்றும்போது முதலில் நிரப்பும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது கழலவில்லை என்று தெரிவதற்கு முன்பே ஆயிலை வடித்துவிட்டால் வண்டி அங்கேயே படுத்துவிடும். வெதுவெதுப்பாக இருக்கும்போது வடியுங்கள். டிரெயின் பிளக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் இயல்பு. வடித்த ஆயிலை வெயிலில் காட்டினால் பொன் நிறத் தூள் மின்னுகிறதா, அது சிங்க்ரோ ரிங். விரலில் தட்டுப்படுகிற எஃகுச் சில்லு என்றால் பல் உடைகிறது. புது வாஷர் போட்டு, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நிரப்பும் துளையில் வழியும் வரை ஊற்றுங்கள். சிறிய கார்களுக்கு சுமார் 2 லிட்டர் பிடிக்கும்.

லிவரையும் பெட்டியையும் இணைக்கும் லிங்கேஜும், என்ஜினைத் தாங்கும் மவுண்ட்டும் உயிர் சம்பந்தப்பட்டவை. முன்சக்கர ஓட்ட வண்டியில் முழு ஆக்சிலேட்டரில் என்ஜின் ஒரு பக்கம் சாயும், காலை எடுத்ததும் மறுபக்கம் வந்து விழும். மவுண்ட் ரப்பர் தளர்ந்திருந்தால் அந்த ஆட்டத்தில் லிவர் காட்டுகிற வாசல் (கியரின் இடம்) ஒன்று, உள்ளே கியரைப் பூட்டும் ஸ்லீவ் நிற்கிற இடம் வேறு. மூன்றாவதில் 7000-த்தில் நாலுக்கு இழுக்கும்போது கை தவறி இரண்டில் விழுந்தால் என்ஜின் 7000 × 1.90 ÷ 1.25, அதாவது 10,640 ஆர்பிஎம்முக்குப் போகும். சுழற்சி வரம்பு மீறாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் எரிபொருளையோ ஸ்பார்க்கையோதான் நிறுத்தும். சக்கரம் என்ஜினைச் சுற்றுவதை அது நிறுத்தாது. வால்வ் மிதந்து பிஸ்டனில் இடிக்கும், கனெக்டிங் ராடு போல்ட் நீளும். அப்படி ஒருமுறை விழுந்திருந்தால், ஓடுகிறதே என்று அடுத்த சுற்றுக்குப் போகாதீர்கள். சிலிண்டர் அழுத்தம் தாங்குகிறதா என்று கம்ப்ரஷன், லீக்-டவுன் சோதனைகளில் பார்த்த பிறகுதான் என்ஜினை ஓட விட வேண்டும்.

மவுண்ட்டில் முதலில் மாற்ற வேண்டியது என்ஜினின் முன்பின் ஆட்டத்தைப் பிடிக்கிற டார்க் ராடு புஷ். லிவர் அடியில் உள்ள புஷ், கேபிள் முனை புஷ் ஆகியவற்றை அசிட்டால் பிளாஸ்டிக்கில் கடைந்து தர கணபதியிலும் குறிச்சி சிட்கோவிலும் ஆள் இருக்கிறார்கள். ஆட்டம் இல்லாமல், இறுக்கமும் இல்லாமல் செய்யச் சொல்லுங்கள். புஷ் இறுகினால் லிவர் நடுவுக்குத் திரும்பாது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது நாம் நம்புவதே அந்தத் திரும்பும் ஸ்பிரிங்கைத்தான்.

லிவர் நகரும் தூரத்தைக் குறைக்கிற ஷார்ட் ஷிஃப்டர் கேட்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. லிவர் தூரம் 30 சதவீதம் குறைந்தால் கைக்கு வேண்டிய பலம் 1.4 மடங்கு ஏறும். சிங்க்ரோவின் நேரம் ஒரு மில்லி நொடிகூடக் குறையாது. மற்ற எல்லாம் சரியான பிறகு போட்டால் சுகம். குறையை மறைக்கப் போட்டால் ரிங் சீக்கிரம் போகும்.

ஓட்டுவதில் கையை விடக் காலுக்கு வேலை அதிகம். மேலே மாற்றும்போது ஆக்சிலேட்டரை விடுவதும் கிளட்ச்சை மிதிப்பதும் ஒரே நொடியில் நடக்க வேண்டும். லிவரை முஷ்டி பிடிக்காமல் உள்ளங்கையால் தள்ளுங்கள். நியூட்ரல் வரை வேகமாக வரலாம், அங்கிருந்து வாசலில் ஒரு சீரான அழுத்தம் கொடுத்துக் காத்திருந்தால் ரிங் தானே விடும். இடித்தால் ரிங்கின் பல் முனை மழுங்கும்.

கீழே இறக்கும்போது ஹீல்-டோ செய்தால், அதாவது பிரேக்கை மிதித்தபடியே அதே காலால் ஆக்சிலேட்டரையும் தட்டினால், சிங்க்ரோ பிழைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கிளட்ச் மிதித்தபடி ஆக்சிலேட்டரில் கொடுக்கிற அந்தத் தட்டு, பிளிப், என்ஜினை மட்டும்தான் ஏற்றும். கிளட்ச்சை விடும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும், கிளட்ச் தேயாது. இன்புட் ஷாஃப்ட்டை ஏற்றுகிற வேலை அப்போதும் ரிங்கின் தலையில்தான். அதையும் குறைக்க வேண்டுமென்றால் டபுள் டிகிளட்ச் செய்ய வேண்டும்: கிளட்ச் மிதித்து நியூட்ரல், கிளட்ச்சை விட்டு பிளிப், மறுபடி மிதித்து கியர். நாலாவது 0.91, மூன்றாவது 1.25 என்றால் 4500-ல் இருந்து 6180-க்கு ஏற்ற வேண்டும். பிரேக் முதலில், கியர் பிறகு. இந்தப் பழக்கத்தைப் பொதுச் சாலையில் நிதான வேகத்தில் செய்து பாருங்கள். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவு அதற்குப் போதும். உச்ச ஆர்பிஎம் வேலையெல்லாம் டிராக்கில் மட்டும்.

கியர் மாற்றச் சொல்லி எரிகிற ஷிஃப்ட் லைட்டை எல்லா கியருக்கும் ஒரே எண்ணில் வைக்காதீர்கள். இரண்டில் விநாடிக்கு 2000 ஆர்பிஎம் ஏறுகிற வண்டியில், கண் பார்த்து கால் அசைய ஐந்தில் ஒரு விநாடி ஆகும், அதற்குள் 400 ஏறிவிடும். அந்த அளவுக்கு முன்பே எரிய வேண்டும். நாலாவதில் ஏறுவது மெதுவாக என்பதால் 150 போதும்.

இவ்வளவும் செய்தும் ஒரே ஒரு கியர் மட்டும் கத்தினால், அப்போது பெட்டியைத் திறங்கள். எல்லா கியரும் கத்தினால் மறுபடி கிளட்ச்சுக்குப் போங்கள். திறந்ததும் ரிங்கைக் கோனில் அழுத்தி வைத்து, ரிங்குக்கும் கியருக்கும் இடையே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். பல பெட்டிகளில் புதிதில் சுமார் 1 மி.மீ. இருக்கும், 0.5-க்குக் கீழே போனால் ரிங் முடிந்தது. உங்கள் பெட்டியின் எண்ணைப் புத்தகத்தில் பாருங்கள். மூன்று இடத்தில் அளக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் குறைந்திருந்தால் ரிங் கோணியிருக்கிறது. ரிங்கை மட்டும் மாற்றி, முனை உருண்டுபோன ஸ்லீவையும் அதைத் தள்ளும் தேய்ந்த ஃபோர்க்கையும் அப்படியே விட்டால் அதே புகார் திரும்பி வரும். புது ரிங்கை ஆயிலில் ஊறவைத்து மாட்டுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் 4000-த்துக்கு மேல் கியர் மாற்ற வேண்டாம். பிறகு ஆயிலை வடித்து, காந்தத்தைத் துடைத்து, புது ஆயில் ஊற்றிவிட்டு செட்டிப்பாளையத்துக்குக் கொண்டுபோங்கள்.