கதவு அட்டைக்குப் பின்னால்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய அம்பாசிடரையோ மாருதி 800-ஐயோ விற்க மனம் வராமல் வைத்திருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டின் உற்பத்தியும் 2014-லேயே நின்றுவிட்டது. என்ஜின் சாமான் எப்படியாவது கிடைத்துவிடும். சென்னை என்றால் புதுப்பேட்டையில் ஒரு சுற்று வந்தால் போதும். கதவின் உட்பக்கத்தை மூடியிருக்கும் அட்டைதான் நல்ல நிலையில் கிடைப்பது கஷ்டம். மெக்கானிக்குகள் அதை டோர் பேட் என்பார்கள். பழைய சாமான் கடையில் தேடி எடுத்தாலும், அதுவும் நம்முடையதைப் போலவே அடியில் உப்பி, ரெக்சின் உரிந்துதான் இருக்கும். வீட்டிலேயே அதைப் புதுப்பிப்பது பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ரெக்சின் போய்விட்டது என்றுதான் எல்லோரும் சொல்வோம். பெரும்பாலும் முதலில் போவது அதற்குப் பின்னால் இருக்கும் ஹார்டுபோர்டு. அதைக் கெடுப்பது தண்ணீர். மழையில் கண்ணாடி மேல் வழியும் தண்ணீரில் கொஞ்சம் கதவுக்குள்ளே இறங்கத்தான் செய்யும். அது பழுது இல்லை, கதவின் அமைப்பே அப்படி. உள்ளே போன தண்ணீர் கதவின் அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியேறிவிடும். அதற்குள் அட்டையை நனைத்துவிடாமல் இருக்க, தகரத்தின் மேல் ஒரு பாலிதீன் தாளை ஒட்டியிருப்பார்கள். ஸ்பீக்கர் மாட்ட வந்தவரோ கண்ணாடி மெஷினைச் சரிசெய்ய வந்தவரோ அந்தத் தாளைக் கிழித்திருப்பார். அதைத் திரும்ப ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் அபூர்வம். அதனால் ரெக்சின் நிறம் பார்க்கக் கடைக்குக் கிளம்பும் முன் அட்டையைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள்.

கழற்றுவதில் பலர் தடுமாறுவது கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடியில். மாருதி 800-இல் அதற்கு ஸ்க்ரூ தெரியாது. பின்னால் ஒரு கம்பி கிளிப் பிடித்திருக்கும். ஒரு பழைய துணிப்பட்டையைக் கைப்பிடிக்கும் அட்டைக்கும் நடுவே நுழைத்து, இருபுறமும் மாறி மாறி இழுத்தால் கிளிப் துள்ளி வெளியே வரும். ஒரு கையை மேலே வைத்து மறைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சீட்டுக்கு அடியில் தேட வேண்டியதுதான். அட்டையைப் பிடித்திருக்கும் கிளிப்புகளை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பெயின்ட் போகும், ஊறிய ஹார்டுபோர்டும் பிய்ந்துகொண்டு வரும். மூங்கில் சிம்பு போதும், கிளிப்புக்குப் பக்கத்திலேயே கொடுத்து நெம்புங்கள்.

அட்டை உப்பியிருந்தால் அதைக் காயவைத்து அமுக்கிப் பார்ப்பது வீண் வேலை. பழையதை மேலே வைத்து வரைந்து, அதே கனத்தில் புது ஹார்டுபோர்டு வெட்டிவிடுங்கள். கிளிப் துளைகள் இம்மி பிசகக் கூடாது. அப்புறம் பின்பக்கத்துக்கும், முக்கியமாக வெட்டிய விளிம்புகளுக்கும், வார்னிஷ் இரண்டு கோட் அடியுங்கள். தண்ணீர் ஏறுவது விளிம்பு வழியாகத்தான்.

கம் விஷயத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். வெளியே 40 டிகிரி அடிக்கும் நாளில் மூடி நிறுத்திய காருக்குள் வெப்பம் 60-ஐ நெருங்கும். சாதாரண கம் அதில் இளகிவிடும், மரவேலைக்கான வெள்ளைப் பசை ரெக்சினுக்கு ஆகவே ஆகாது. சூடு தாங்கும் சிந்தெடிக் ரப்பர் கம் என்று கேட்டு வாங்குங்கள். அதை அட்டையிலும் ரெக்சினின் பின்பக்கத்திலும் மெல்லியதாகத் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா விட வேண்டும். விரல் வைத்தால் ஒட்டக் கூடாது. அந்தப் பதம் வந்த பிறகுதான் ஒட்ட வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் உள்ளே ஆவி அடைபட்டுக் கொப்புளம் கிளம்பும். பதத்தில் பட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது என்பதால், நடுவே பட்டர் பேப்பரை வைத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டே தேய்த்து வாருங்கள். இந்தக் கம்மின் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், மூடிய அறையில் தலையும் சுற்றும். சமையலறைப் பக்கமே வேண்டாம், மொட்டை மாடி நிழல்தான் சரி.

ரெக்சினைக் கிள்ளி இழுத்துப் பாருங்கள். பின்னால் பனியன் துணி போல் இருக்கும் ரகம் நன்றாக இழுபடும், வளைவுகளில் படியும். நெசவுத் துணி ஒட்டிய ரகம் இழுபடாது. நடுவில் தொடங்கி ஓரத்துக்கு வாருங்கள். சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு, பின்னால் மடித்து ஒட்டுங்கள். மூலைகளில் சிறு முக்கோணங்களாக வெட்டி எடுத்தால் மடிப்பு மேட்டாக நிற்காது. வெட்டு விளிம்பு வரைக்கும் போய்விட்டால் வெளியே தெரியும், சற்று முன்பே நிறுத்துங்கள். முடி உலர்த்தும் டிரையரால் சூடு காட்டினால் விறைப்பான ரெக்சினும் இணங்கும்.

பழைய அட்டைகளில் அச்சு போல் அழுந்திய கோடுகள் இருக்குமே, அவை தொழிற்சாலையில் மின் அலைச் சூட்டில் உருக்கி அழுத்தியவை. வீட்டில் அது வராது. சீட் கவர் கடையில் கொடுத்து முன்கூட்டியே தையல் போட்டு வாங்கலாம். என்னைக் கேட்டால் வெறும் ரெக்சினே அழகு. கட்டம் கட்டமாகத் தைத்த அலங்காரம் அம்பாசிடருக்குப் பொருந்தவே பொருந்தாது.

புதிய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏர்பேக் என்று எழுதியிருக்கும் இடங்களில், அதாவது கண்ணாடிகளுக்குப் பக்கத்தில் உள்ள தூண்களின் மூடிகளிலும் சீட்டின் பக்கவாட்டிலும், ரெக்சினோ துணியோ ஒட்டவே ஒட்டாதீர்கள். ஏர்பேக் விரிய வேண்டிய நேரத்தில் அது தடுத்துவிடும்.

சரி, அட்டையைத் திரும்ப மாட்டும் முன் கதவடித் துளைகளில் அடைத்திருக்கும் மண்ணைக் குச்சியால் குத்தி எடுத்து, ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், வடிகிறதா என்று. கனமான புது பாலிதீன் தாளைக் கறுப்பு பியூட்டைல் டேப்பால், அதாவது பிசுபிசுப்பான ரப்பர் பட்டையால், ஒட்டுங்கள். தாளின் அடி விளிம்பைக் கதவுக்கு உள்ளே செருகிவிட வேண்டும், அப்போதுதான் வழியும் தண்ணீர் கதவுக்குள்ளேயே விழும். கண்ணாடியை முழுக்க ஏற்றி வைத்துக்கொண்டு, எதிர்க் கதவில் கைப்பிடி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதே போல இதையும் மாட்டிவிடுங்கள். கம் வாசம் போகும் வரை, காரை நிழலில் நிறுத்திக் கதவுகளைத் திறந்து வையுங்கள்.

நன்றி, வணக்கம்.