சென்ட்ரியோல் எதற்காக?

(குன்னூரில் மாணவர்களும் பொதுமக்களும் கூடியிருந்த அவையில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். இந்த மழையிலும் வந்திருக்கிறீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

சென்ட்ரியோல் எதற்கு என்று பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால், "செல் பகுப்புக்கு சார்" என்று பட்டென்று சொல்வார்கள். மார்க்கும் கிடைக்கும். அந்தப் பதிலோடு கொஞ்சம் சண்டை போடத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடுவோம். சென்ட்ரியோல் என்பது செல்லுக்குள் இருக்கும் ஒரு நுண்ணிய உறுப்பு. டியூபுலின் என்ற புரதம் வரிசை வரிசையாகச் சேர்ந்தால் நுண்குழல். வழக்கமாக 13 வரிசை, குறுக்களவு 25 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் 40,000 குழல்களைப் பக்கம் பக்கமாக அடுக்கிவிடலாம். அவை மும்மூன்றாக ஒட்டி, ஒன்பது கட்டுகளாக வட்டம் கட்டி நின்றால் அதுதான் சென்ட்ரியோல்.

இப்போது ஜன்னலுக்கு வெளியே தெரியும் தேயிலையைப் பாருங்கள். எத்தனை முறை கொழுந்து பறித்தாலும் மறுபடி துளிர்க்கிறது. செல்கள் பகுந்துகொண்டே இருந்தால்தானே துளிர் வரும்? ஆனால் தேயிலையின் ஒரு செல்லிலும் சென்ட்ரியோல் கிடையாது. பூக்கும் தாவரம் எதற்குமே கிடையாது. குரோமோசோம்களைப் பிரிக்கும் கதிர்கோல் இழைகள் அது இல்லாமலே உருவாகிவிடுகின்றன.

சரி, தோட்டத்தைத் தாண்டிச் சோலைக்குள் போவோம். மரத்தண்டில் பச்சைப் பாசி போல ஒட்டியிருக்கும் மாஸ் என்ற சின்னச் செடி இருக்கிறதே, தண்டும் இலையும் வளரும் காலத்தில் அதன் செல்களிலும் சென்ட்ரியோல் இல்லை. விந்தணு உண்டாகும் நேரம் வந்ததும் புதிதாகச் செய்துகொள்கிறது! காரணம் இருக்கிறது. மாஸின் விந்தணு ஈரத்தில் நீந்திப் போய்த்தான் முட்டையைச் சேர வேண்டும். நீந்த இரண்டு கசையிழைகள், அதாவது சாட்டை போல அசையும் வால்கள், வேண்டும். ஒவ்வொரு கசையிழையும் ஒரு சென்ட்ரியோல் மேலிருந்துதான் முளைக்கும். பெரணியும் இப்படித்தான். தேயிலையின் ஆண் செல்லோ மகரந்தக் குழாய்க்குள் சொகுசாகப் போய்ச் சேர்கிறது. நீச்சலும் வேண்டாம், சென்ட்ரியோலும் வேண்டாம்.

1952-ல் ஐரீன் மான்டன், கிளார்க் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஸ்பாக்னம் என்ற மாஸின் கசையிழையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சுற்றி ஒன்பது ஜோடி நுண்குழல்கள், நடுவில் இரண்டு. நம் மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளிக்கொண்டிருக்கும் குறுயிழைகள் என்ற மயிர் போன்ற இழைகளிலும் அச்சு அசலாக இதே அமைப்புதான். அவையும் சென்ட்ரியோல் மேலிருந்து முளைப்பவைதான்.

இது எப்படி அசைகிறது? ஜோடிகளுக்கு நடுவே டைனீன் என்ற மோட்டார் புரதம் இருக்கிறது. செல்லின் எரிபொருளான ஏடிபி-யைச் செலவழித்து ஒரு ஜோடியைப் பக்கத்து ஜோடி மேல் நழுவ வைக்கப் பார்க்கும். இரண்டு மூங்கில் தப்பைகளை அடியில் இறுகக் கட்டிவிட்டு ஒன்றை மட்டும் மேலே தள்ளிப் பாருங்கள். நழுவ வழியில்லாமல் இரண்டும் வளையும். குறுயிழையும் அப்படியே வளைகிறது, நொடிக்குப் பத்து முறைக்கு மேல். அந்த டைனீன் கைகள் இல்லாமலே சிலர் பிறக்கிறார்கள் என்று 1976-ல் அஃப்சேலியஸ் என்ற ஆய்வாளர் காட்டினார். அவர்களுக்கு ஓயாத சளித்தொல்லை, ஆண்களுக்கு நீந்தாத விந்தணு. ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதயம் வலப்பக்கம். கருவில் இடம் வலம் தீர்மானிப்பதிலும் குறுயிழைக்குப் பங்கு உண்டு. அதை விரித்தால் விடிந்துவிடும்.

அப்புறம் பழ ஈ. சென்ட்ரியோல் செய்ய முடியாத பழ ஈக்களைப் பற்றி 2006-ல் ஓர் ஆய்வு வந்தது. கருவின் தொடக்கத்தில் தாய் கொடுத்தது கொஞ்சம் இருக்கும், பிறகு ஒன்றுமில்லை. அப்படியும் செல்கள் பகுந்தன, இறக்கையும் காலும் சரியாக வந்தன, கூட்டிலிருந்து ஈ வெளியேயும் வந்தது. ஆனால் நிற்கத் தெரியவில்லை. உணர்வு நரம்புகளில் குறுயிழை இல்லாததால் தன் கால் எங்கே இருக்கிறது என்றே அதற்குத் தெரியாமல், சீக்கிரமே செத்துப்போனது.

பகுப்பில் சென்ட்ரியோலுக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. மனிதனின் இயல்பான செல்களிலிருந்து அதைப் பறித்தால் சில சுற்றுகளில் பகுப்பே நின்றுவிடுகிறது. ஆகவே பிள்ளைகளே, தேர்வில் "செல் பகுப்பு" என்றே எழுதுங்கள். அதற்கு மேலே, முதல் வரியாக, "குறுயிழை, கசையிழையின் அடித்தளம்" என்று எழுதிவிடுங்கள்.